தேன்மொழி கேட்ட உயிர்

வெள்ளம் நின்ற வயலில் இறங்கி வேலை செய்திருக்கிறீர்கள், உடம்பில் சர்க்கரையும் இருக்கிறது, அதற்குப் பிறகு ஒரு காய்ச்சல் வந்து விடாமல் அடிக்கிறது என்றால், டாக்டர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை, “ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்புங்க” என்று கேளுங்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் நாலு பேராவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதை மட்டும் சொல்வதென்றால் ஒரு துண்டுச் சீட்டு போதும். எனக்கு நடந்தது காய்ச்சலோடு நிற்கவில்லை.

நான் வலங்கைமானுக்குப் பக்கத்து ஊர்க்காரன். சொந்தத்தில் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று நானும் என் தம்பி இளங்கோவும் சேர்ந்து சாகுபடி செய்துவந்தோம். ஒரே வாசல், இரண்டு அடுப்பு. என் வீட்டுக்காரி மல்லிகா. எங்களுக்கு ஒரே மகன், அவன் சிங்கப்பூரில். இளங்கோவின் மனைவி தேன்மொழி. அவர்களுக்கு யாழினி என்று பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். தேன்மொழி என்னோடு நேருக்கு நேர் நின்று பேச மாட்டாள். கணவனின் அண்ணன், மச்சான் முறை என்கிற மரியாதை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் மல்லிகாவைப் பார்த்து, எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள்.

எங்கள் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எங்களுக்குச் சாமி பெயர் வைக்காததோடு நிற்காமல், ஊர் முழுக்கத் தேர் இழுக்கிற அன்று வேண்டுமென்றே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பு வெட்டப் போவார். அவருக்குப் பிறந்த நான் திருவிழா வசூலுக்கு வீடு வீடாக ஏறி இறங்கினேன், காவடி எடுத்தேன், மாரியம்மன் பேரைச் சொல்லாமல் விதை தெளித்ததில்லை. என் பெயர் அறிவழகன். “எம் புள்ளைக்கு நான் பேரு மட்டுந்தான் வைக்க முடிஞ்சுது” என்று அப்பா டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். சாகும்வரை அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்தது. வடிகால் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வடியவில்லை. நானும் இளங்கோவும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை அறுத்து இழுத்துக் கரையேற்றினோம். மழை வாயிலும் மூக்கிலும் அடித்தது. எனக்குச் சர்க்கரை உண்டு, காலில் எப்போதும் பித்தவெடிப்பும் உண்டு. விவசாயி காலில் வெடிப்பு இருப்பதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? பயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல்.

காய்ச்சல் எனக்குத்தான் முதலில் வந்தது. டைபாய்டு என்றார்கள், ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. கும்பகோணத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலில் நிழல் தெரிகிறது, டி.பி.யாக இருக்கலாம் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். யாரையும் நான் குறை சொல்லவில்லை. இந்த நோய் பல வேஷம் போடுமாம். இதற்குள் இடது முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கி, வேட்டி நுனி பட்டால்கூட உயிர் போனது. ஒருநாள் காலையில் நான் மல்லிகாவை யாரென்று கேட்டேனாம். இளங்கோ கார் பிடித்துக்கொண்டு வந்து, என்னை மடியில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

அங்கே ஸ்கேனில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் தெரிந்தன. ரத்தத்தில் கிருமி பரவி, பிரஷர் இறங்கி, சிறுநீரகம் தடுமாற ஆரம்பித்திருந்தது. இதைத்தான் செப்சிஸ் என்கிறார்கள். அவசரப் பிரிவில் என்னைச் சேர்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார்கள். ரத்தத்தைக் கல்ச்சருக்கும் அனுப்பினார்கள். விதைநெல்லை ஈரச் சாக்கில் கட்டி முளைப்புத் திறன் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். ரத்தத்தை ஒரு சத்துத் திரவத்தில் விட்டு, என்ன கிருமி முளைத்து வருகிறது, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பார்கள். முளைக்க நாளாகும். அதுவரை ஆள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் இளங்கோ போனில் தேன்மொழிக்குத் தகவல் சொல்லியிருக்கிறான். “அண்ணன் தேறாது போலருக்கு” என்றானாம். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லையில் போய்க் குளித்து, ஈரப் புடவையோடு வலங்கைமான் இருக்கிற திசையைப் பார்த்து நின்று, மஞ்சள் துணியில் காசு முடிந்திருக்கிறாள். மச்சான் பிழைத்து வந்தால் பாடை எடுக்கிறோம் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் பக்கம் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சாகக் கிடந்து பிழைத்தவர்கள் பங்குனித் திருவிழாவில் வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக் காவடி எடுப்பார்கள். பச்சை மூங்கிலில் நிஜப் பாடை கட்டி, பிழைத்தவரைக் குளிப்பாட்டிப் பிணம் மாதிரி படுக்கவைத்து, நெற்றியில் காசு ஒட்டி, பறையடித்து, முன்னால் தீச்சட்டி போக, உறவுக்காரர்கள் தோளில் தூக்கிக் கோயிலைச் சுற்றி வருவார்கள். சுற்றி முடித்துப் பூசாரி தீர்த்தம் தெளித்ததும் எழுந்துவிட வேண்டும். எடுத்துப் போக இருந்த உயிரை ஆத்தா திருப்பித் தந்தாள் என்று கணக்கு. நானே எத்தனையோ பேருக்குத் தோள் கொடுத்திருக்கிறேன்.

அவள் காசு முடிந்த மறுநாள் கல்ச்சர் முடிவு வந்தது. மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா சின்ன வயசு, கும்பகோணம் பக்கத்துப் பேச்சு. எனக்கு நினைவு திரும்பியதும் கட்டில் ஓரம் நின்று சொன்னார்: “இதுக்குப் பேரு மெலியாய்டோசிஸ்ங்க. ஈர மண்ணுல இருக்கிற கிருமி. உங்க வயல்லயே இருக்கும். நல்லா இருக்கிறவங்களை ஒண்ணும் பண்ணாது, சர்க்கரை உள்ளவங்களைத் தேடிப் பிடிக்கும். காலு வெடிப்பு வழியாவும் போகும், பலத்த மழையில மூச்சு வழியாவும் போகும்.”

“தொத்துமாங்க?” என்று கேட்டது இளங்கோதான்.

“தொத்தாது. நீங்க தாராளமா கூட இருந்து பாத்துக்கலாம்.”

அந்த ஒரு சொல்லை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தனக்கு இரண்டு நாளாக உடம்பு சுடுவது அவனுக்குத் தெரியும். அண்ணனுடையது தொத்தாது என்று டாக்டரே சொல்லிவிட்டதால், தன்னுடையது வேறே ஏதோ சாதாரணக் காய்ச்சல் என்று முடிவு செய்துகொண்டான். அதே வாய்க்காலில் தானும் நின்றதை அவன் யோசிக்கவில்லை. தனக்குச் சர்க்கரை இருப்பதே அவனுக்குத் தெரியாது. எதிரில் இருக்கிற மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, வியர்த்ததும் வந்து என் பக்கத்தில் உட்காருவான்.

என் வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்காலைத் திறந்து உள்ளே கழுவினார்கள், மறுபடி சீழ் வைத்தது, மறுபடி திறந்தார்கள். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துக் கல்லீரல் சீழை வடித்தார்கள். கட்டுப் பிரிக்கிற வண்டிச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே எனக்கு மூத்திரம் வந்துவிடும். நான் ஆத்தா, ஆத்தா என்று அலறுவேன். “அப்பா, உங்க ஆத்தா இந்த மாடியை விட்டுட்டு ஓடியே போயிருப்பாங்க” என்று நர்ஸ் ஒருத்தி கிண்டல் செய்துகொண்டே மெதுவாகத் துணியை உரிப்பாள். நான் அலறினால் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்வாள். அப்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை ஒரு துளி குறையவில்லை. சோதிக்கிறாள், சோதித்துவிட்டு விடுவாள் என்றுதான் நினைத்தேன். பிழைத்ததற்குப் பாதிப் புண்ணியம் டாக்டரம்மாவுக்கு, பாதி ஆத்தாளுக்கு என்று பங்கு பிரித்து வைத்திருந்தேன்.

மல்லிகா ரசம் சோற்றைப் பிசைந்து, மிளகு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு ஊட்டுவாள். அவள் கையில் வளையல் இல்லை, நான் கேட்கவில்லை. இளங்கோ எனக்குச் சவரம் செய்துவிடுவான். போனில் வயலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பயிர் பச்சை பிடித்திருப்பதைக் காட்டுவான். ஒருநாள் அப்படிக் காட்டும்போது இருமினான். இருமல் நிற்கவில்லை. “என்னடா?” என்றேன். “ஒண்ணுமில்லண்ணே, ஏசி ஒத்துக்கல” என்றான். அன்று மத்தியானம் எனக்குக் கஞ்சி வாங்கக் கேன்டீனுக்குப் போனவன் படிக்கட்டில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் அங்கேயே சாய்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்ததால் உடனே பார்த்தார்கள். மருந்து இன்னதென்று தெரியும், உடனே போட்டார்கள். ஆனால் அவனுக்குக் கிருமி இரண்டு நுரையீரலையும் பிடித்திருந்தது. “மழையில மூச்சு வழியா போயிருக்குங்க” என்றார் டாக்டரம்மா. அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. என்னை மாதிரி மெதுவாகச் சீழ் வைத்துத் தின்கிற வகை இல்லை, இது வாரிக்கொண்டு போகிற வகை.

மத்தியானப் பார்வை நேரத்தில் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். இளங்கோ முகத்தில் காற்றை அழுத்தித் தள்ளுகிற மாஸ்க். கழற்றிவிடுகிறான் என்று இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் உடம்பு முழுக்க எழுந்து விழுந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து, “அண்ணே, தண்ணி” என்றான்.

கொடுக்கக்கூடாது. கொடுத்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். நர்ஸ் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார். அவன் அந்தப் பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றான். இரண்டு பேர் சேர்ந்து தாடையைப் பிடித்துப் பிடுங்க வேண்டியிருந்தது. இந்தக் கடைமடையில் தண்ணீருக்கு எத்தனை சண்டை போட்டிருக்கிறோம். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில் ராத்திரியெல்லாம் மடையில் காவல் கிடந்தவன் அவன். இப்போது ஒரு பஞ்சு ஈரத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். இதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆத்தாளிடம் நான் கேட்டதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அவன் உயிரைக் கேட்டேன். மறுநாள் பேரம் பேசினேன்: எனக்குத் தந்ததை எடுத்து அவனுக்குக் கொடு, அவனுக்குச் சின்னப் பெண் இருக்கிறாள். அதற்கும் பதில் இல்லை. சரி, உயிர் வேண்டாம், இந்தத் தவிப்பு மட்டும் குறையட்டும் என்றேன். குறையவில்லை, கூடியது. மாஸ்க் போதாதென்று தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள். மயக்க மருந்தை நிறையக் கொடுத்தால் பிரஷர் விழுந்துவிடுகிறது என்று அளந்து அளந்துதான் கொடுக்க முடிந்தது. அதனால் அவனுக்கு அரைகுறை நினைவு இருந்துகொண்டே இருந்தது. கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போகும், துடைத்துக்கொள்ளக் கை கட்டியிருக்கும். கடைசியாக நான் கேட்டது இதுதான்: ஆத்தா, இவனுக்கு நினைவு தப்பிப்போகட்டும். இதைவிடச் சின்னதாக ஒன்றைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வரும்போது, நான் வழக்கமாகக் கூப்பிடுகிற இடத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தது. பெரிய விவாதம் எதுவும் மனசுக்குள் நடக்கவில்லை. கோபம் வந்திருந்தால் கோபப்படவாவது ஒருத்தி மிச்சம் இருந்திருப்பாள். அதுவும் வரவில்லை. லிஃப்ட் கதவில் யாரோ ஒட்டியிருந்த அம்மன் படத்தைப் பார்த்தேன், அது ஒரு படமாக இருந்தது. அப்பா இதை எப்படிச் சிரித்துக்கொண்டு தாங்கினார் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் மேடை போட்டு, வாதாடி, ஆள் சேர்த்துக்கொண்டு சாமி இல்லை என்றவர். எனக்கு வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது.

இளங்கோ போய்விட்டான். அவனை ஊருக்கு ஏற்றிக்கொண்டு போனபோது எனக்குக் கையில் டிரிப்ஸ், வயிற்றில் குழாய். கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. மல்லிகாவை அவனோடு போகச் சொல்லிவிட்டேன். நர்ஸ் என் தலைமாட்டில் வந்து நின்றாள். அன்றைக்குக் கட்டுப் பிரிக்கும்போது நான் யாரையும் கூப்பிடவில்லை. “அப்பா, கத்திடுங்க, கத்தினாத்தான் எனக்குப் பயம் இல்லாம இருக்கும்” என்றாள். எனக்குக் கத்துவதற்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

அவன் கருமாதிக்கும் நான் இல்லை. தை பிறந்த பிறகுதான் வீடு வந்தேன். வந்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை. மண்ணுக்குள் மறைந்து கிடக்கிற மாதிரி உடம்புக்குள்ளும் இந்தக் கிருமி மறைந்து கிடக்குமாம், பாதியில் நிறுத்தினால் திரும்ப வருமாம், முழுசாகச் சாப்பிட்டாலும் சிலருக்கு வருமாம். குமட்டிக்கொண்டே இருக்கும். நாங்கள் காப்பாற்றிய பயிரை மிஷின் வைத்து அறுத்தார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டேன்.

தேன்மொழி அழுது நான் பார்க்கவில்லை. வேலை செய்துகொண்டே இருந்தாள். ஒருநாள் கொல்லையில் பாத்திரம் விளக்கும்போது மல்லிகாவிடம் சொன்னாளாம். மல்லிகா உள்ளே வந்து என்னிடம் அதை அப்படியே சொன்னாள்.

“ஆளை மாத்திக் கேட்டுட்டேன்க்கா” என்றிருக்கிறாள் தேன்மொழி. “மச்சான் உயிரக் குடுன்னு கேட்டேன், குடுத்துட்டா. இவரையும் சேத்துக் கேக்கணும்னு எனக்குத் தோணல பாத்தியா. நல்லாத்தானே இருந்தாரு. ஒரு வார்த்தை சேத்துக் கேட்டிருந்தா குடுத்திருப்பா.”

என்னைக் கொன்றுபோட்டது இந்தப் பேச்சுதான். வைத்தியம் பார்த்து மிச்சம் வைத்த உயிரோடு அதே வீட்டில், அவள் கண்முன்னால், அவள் தப்பாகக் கேட்டு வாங்கிய பொருள் மாதிரி நான் நடமாடிக்கொண்டிருந்தேன். அவள் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்போது தலை நிமிர்ந்து பார்க்கப் பயந்தேன்.

அந்தப் பங்குனியில் பாடைப் பேச்சு வரவில்லை. துக்க வீடு, வருஷம் திரும்புகிறவரை கோயில் காரியம் கூடாது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. வருஷம் திரும்பியது, தலைத் திவசம் கொடுத்தோம். மாசி மாதம், உளுந்து எடுத்து முற்றத்தில் காய வைத்திருந்தார்கள். மல்லிகா கடைக்குப் போயிருந்தாள். தேன்மொழி உளுந்தைக் காலால் கிளறி விட்டுக்கொண்டிருந்தவள், நின்று, என்னை நேராகப் பார்த்துப் பேசினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிப் பேசியதில்லை.

“மச்சான், இந்தப் பங்குனிக்கு முடிச்சிருவோம்ங்க.”

எதை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஒரு வருஷமாக நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சாமி இல்லை என்று அவளுக்குப் பிரசங்கம் செய்ய எனக்கு ஆசையில்லை. யாருமே இல்லை என்று ஆகிவிட்டால் அவள் யாரையும் மாற்றிக் கேட்கவில்லை, அவள்மேல் குற்றமில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

“தேனு, உக்காரும்மா. நீ கேட்டது யாருக்கும் கேக்கலம்மா. அங்க யாரும் இல்ல. நான் ஐ.சி.யூ.ல உக்காந்து கேக்காததா? எனக்கு மருந்து மாத்துனாங்க, சரியாச்சு. அவனுக்கு நுரையீரல்ல பிடிச்சிருச்சு. முன்னாடியே பாத்திருந்தா இருந்திருப்பான். அவ்வளவுதான். நீ கேட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அவள் உட்காரவில்லை. குனிந்து உளுந்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“அப்ப அவருக்கு ஏன் வந்துச்சு?”

“மண்ணும்மா. சேறு.”

“சேத்துல எல்லாருந்தானே எறங்குறாங்க.”

“சர்க்கரை இருந்துச்சு, தெரியாமப் போச்சு.”

“சும்மாவே செத்துட்டாரா?” என்றாள். “ஒரு காரணமும் இல்லாம?”

அவளை விடுவிக்கிறேன் என்று நினைத்து என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் பார்த்தேன். குற்றம் தன்மேல் இருந்தாலாவது அவன் சாவுக்கு ஒரு காரணம் இருந்தது. நான் அதையும் பிடுங்கப் பார்த்தேன்.

“நீங்க படிச்சவங்க, ஆஸ்பத்திரில இருந்தவங்க, நீங்க சொல்றது சரியா இருக்கும்” என்றாள். குரலில் கோபமில்லை. “எனக்கும் இப்பல்லாம் அவ முன்னாடி நின்னா ஒண்ணும் வரமாட்டேங்குது மச்சான். கும்புடுறேன், உள்ள ஒண்ணும் இல்ல. ஆனா காசு முடிஞ்சு வச்சிருக்கேன். ஒருவேளை அவ இருந்தாள்னா? சொல்லிட்டு எடுக்கலன்னா யாருகிட்ட வருவா? யாழினிக்குப் போன வாரம் உடம்பு சுட்டுச்சு.”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டினேன். சளிக் காய்ச்சலுன்னாரு. ரத்தம் குடுத்துட்டுதான் வந்தேன், நீங்க சொன்னபடி கல்ச்சருக்கு. ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு.” உளுந்தை மறுபடி கிளறிக்கொண்டே சொன்னாள்: “அதுவும் பண்ணிட்டேன். இதையும் பண்ணிருவோம்.”

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பா சொல்லியிருப்பார். யாழினி உள்ளே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. நான் மறுத்து, நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? அங்கே யாருமில்லை என்று இப்போதுதானே சொன்னாய், பிறகென்ன என்று என்னையே கேட்டேன். நம்பிக்கை போகும்போது பயத்தையும் கூட்டிக்கொண்டு போகும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. முன்பு பயம் வந்தால் ஓடிப்போய் நிற்க ஒரு வாசல் இருந்தது, இப்போது அதுவும் இல்லாமல் பயம் மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது.

“சரிம்மா, மூங்கிலுக்குச் சொல்லிடு” என்றேன்.

பங்குனியில் என்னைக் குளிப்பாட்டினார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, கரையிலிருந்த பம்ப்செட்டில் பிடித்து ஊற்றினார்கள். புது வேட்டி கட்டி, வளையாத இடது காலை நீட்டிப் பாடையில் படுக்க வைத்தார்கள். மேலே மாலை, நெற்றியில் காசு. கண்ணை மூடிக்கொண்டேன். பங்காளிகள் தூக்கினார்கள். நான் எத்தனையோ பாடைக்குத் தோள் கொடுத்தபோது கூட வருகிறவர்கள் அழுவதைக் கேட்டிருக்கிறேன். வழக்கத்துக்காக ஆரம்பித்து, பாதியில் நிஜமாகவே அழுதுவிடுவார்கள். மல்லிகா அழுதாள். சின்னம்மா முறையில் ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். தேன்மொழியின் குரல் மட்டும் வரவில்லை. கூட வருகிறாளா என்று பார்க்கக் கண்ணைத் திறக்க முடியாது. பறைச் சத்தத்தில், வெயிலில், மூங்கில் முதுகில் அழுத்த, இளங்கோ இப்படித்தானே போயிருப்பான், அவனுக்கு இந்தச் சத்தம் கேட்டிருக்காதே என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். மேலே ஒன்றும் இல்லை. கீழே நாலு பேர் தோள் இருந்தது.

சுற்றி முடித்து இறக்கினார்கள். தீர்த்தம் முகத்தில் பட்டது. “எந்திரிங்க, ஆத்தா குடுத்துட்டா” என்று யாரோ கத்தினார்கள். குலவைச் சத்தம் கேட்டது. என்னால் தனியாக எழுந்திருக்க முடியாது, இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார்கள்.

கண்ணைத் திறந்தபோது தேன்மொழி எதிரில் நின்றாள். யாழினியை முன்னால் நிறுத்தி, அவள் தோளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கோயில் பக்கம் அவள் திரும்பவே இல்லை. என் முகத்தை, நான் எங்கோ போய்க் கேட்டு வந்தவன் மாதிரி பார்த்தாள்.

“இனிமே ஒண்ணும் பண்ண மாட்டால்ல, மச்சான்?”

அந்தப் பிள்ளையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“மாட்டாம்மா” என்றேன். “இனிமே ஒண்ணும் பண்ண மாட்டா.”

பின்னால் அடுத்த பாடை வந்து நின்றது. வழிவிடச் சொன்னார்கள், நாங்கள் ஒதுங்கி நின்றோம்.